மாதிரி வீட்டில் பால் பொங்கியது

2024ஆம் ஆண்டு ஜூன் பத்தாம் தேதி, தியாகராய நகரில், முன்பு ஒரு ஜவுளிக்கடையின் கிடங்காக இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மலிவு வாழிட வழிகாட்டு வாரியம் தன் முதல் புறநகர்த் தேர்வு மையத்தைத் திறந்தது.

அதே வாரத்தில் மயிலாப்பூர்க் கால்வாய் ஓரக் குடியிருப்பில் இருந்த எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. தேவானையின் போனுக்கு வந்ததை மகள் நிலா படித்துக் காட்டினாள்.

"வாழ்த்துகள். உங்களுக்கு விருப்பமான புறநகரை நீங்களே தேர்ந்தெடுப்பதற்காக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்."

"நான் எப்ப விருப்பப்பட்டேன்?" என்றாள் தேவானை.

"படுவியாம்மா. அதுக்குத்தான் கூப்புட்றாங்க."

குடியிருப்பைக் காலிசெய்யப்போகிறார்கள் என்று இரண்டு வருடமாகவே பேச்சு இருந்தது. தேவானை லஸ் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கிக் கொடுக்கிறவள். அவள் புருஷன் ரகுபதி, சிறுநீரகம் கைவிடும்வரை கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். இப்போது வாரத்துக்கு மூன்று விடியற்காலை ராயப்பேட்டை பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு டயாலிசிஸ். பக்கத்து வீட்டு லாரன்ஸ் தன் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவான். விடியும் முன்னால் போய்ப் படுக்கையில் படுத்துவிட வேண்டும். தாமதமானால் வராந்தாவில் காத்திருக்கும் அடுத்த ஆள் படுத்துவிடுவான். அவனுக்கும் அதே நோய், அதே அவசரம். அவனைக் குறைசொல்ல முடியாது.

எனவே தேவானைக்கு வீடு பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அங்கிருந்து விடிவதற்குள் ராயப்பேட்டைக்கு வர முடியுமா?

வாரியம் அழைப்பதற்கு முன்பே அவள் தானாகவும் தேடிப் பார்த்திருந்தாள். ராயப்பேட்டைச் சந்துகளில் கேட்டாள். கேட்டவுடன் கதவு சாத்தினார்கள். வடபழனியில் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. நோயாளி என்றதும் அதுவும் இல்லை என்றாகிவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லாரன்ஸின் ஆட்டோவில் தெற்கே போனார்கள். வாடகை குறையக் குறைய ஊர் பின்வாங்கிக்கொண்டே போனது.

"யக்கா, நம்ம வாடகைக்கு வூடு பாண்டிச்சேரி தாண்டித்தான் கீது," என்றான் லாரன்ஸ். "மாமாவுக்குக் குடிப் பழக்கமும் இல்ல. அங்க போயி இன்னா பிரயோசனம்?"

பின் சீட்டில் சாய்ந்திருந்த ரகுபதி கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

தேர்வு மையத்தில் குளிர்சாதனம் இருந்தது. வந்தவர்களுக்குக் காகிதக் கோப்பையில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ரகுபதி ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு இருந்ததால் தன்னுடையதை மனைவியிடம் கொடுத்துவிட்டான். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட விருப்ப ஆலோசகர் ஸ்வர்ணலதா எழுந்து நின்று கும்பிட்டார். அரசாங்க மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து நின்று தன்னைக் கும்பிடுவதைத் தேவானை அதுவரை பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

சுவரில் இருந்த பெரிய திரையில் மூன்று படங்கள் தெரிந்தன. வசந்தவெளி, அமைதிப்பூங்கா நகர், புதுவிடியல் நகர். மூன்றிலும் ஒரே குடும்பம் ஒரே சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தது.

"வசந்தவெளி முப்பதே நிமிஷம்," என்றார் ஸ்வர்ணலதா.

"எங்கேர்ந்து மேடம்?"

"அமைதிப்பூங்கா நகர்லேர்ந்து."

"அது எங்க கீது?"

"புதுவிடியல் நகர்லேர்ந்து இருபது நிமிஷம்."

"புதுவிடியல்?"

"மெட்ரோ ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம்."

"எந்த ஸ்டேஷன் மேடம்?"

"வரப்போற ஸ்டேஷன்."

ரகுபதி மெதுவாகக் கேட்டான். "ராயப்பேட்டைக்கு எவ்ளோ நேரம் ஆவும் மேடம்?"

ஸ்வர்ணலதா பரிவோடு அவனைப் பார்த்தார். "புறநகர்லேர்ந்து சிட்டிக்கு எவ்வளவு தூரம்னு நாங்க கணக்குப் பண்றதில்ல சார். பண்ணினா பயனாளிகள் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சுடறாங்க. எங்க கொள்கையே முன்னோக்கிப் பார்க்கிறதுதான்."

பிறகு விருப்பங்களைக் கேட்டார்கள். திரையில் ஐந்து வட்டங்கள் வந்தன. பூங்கா, தென்றல், சூரிய உதயம், அமைதி, பறவைகள். ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும்.

"ஆஸ்பத்திரி இல்லையே மேடம்?"

"அது விருப்பம் இல்லம்மா, தேவை. இது விருப்பத்துக்கான கவுண்டர்."

"தேவைக்கு எந்தக் கவுண்டர்?"

"அது போன வருஷம் வரைக்கும் கீழ்த்தளத்துல இருந்தது. அதை மூடிட்டுத்தான் இதைத் திறந்திருக்கோம்."

தேவானை வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் பறவைகளைத் தொட்டாள். திரையில் பூச்சொரிந்து வசந்தவெளி என்று வந்தது. அடுத்து வந்த கிழவர் சூரிய உதயத்தைத் தொட்டார். வசந்தவெளி வந்தது. அவருக்குப் பின்னால் வந்தவள் கோபத்தில் எதையும் தொடாமல் நின்றாள். அவளுக்கும் வசந்தவெளி வந்தது.

"மத்த ரெண்டும் இன்னும் கட்டலம்மா," என்று ஸ்வர்ணலதா குரலைத் தாழ்த்தி விளக்கினார். "ஆனா தேர்வுன்னா குறைஞ்சது மூணு இருக்கணும்னு விதி இருக்கு."

அதன் பிறகு அனுபவ அறைக்கு அழைத்துப் போனார்கள். வசந்தவெளிக்குப் போய் வர ஒரு பகல் முழுதும் ஆகிவிடும் என்பதால், பயனாளிகள் போகாமலே அனுபவிக்கும்படி, அங்குள்ள வீடு ஒன்றை அதே அளவில் இரண்டாம் மாடியிலேயே கட்டி வைத்திருந்தார்கள். கூடம், படுக்கையறை, சமையல்மேடை, கழிப்பறை. ஜன்னலில் ஒரு ஏரியின் படம். பின்னாலிருந்து விளக்கு எரிந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வசந்தவெளியிலும் இப்படி வருமா என்று யாரோ கேட்டதற்கு, இது மாதிரி வீடு என்பதால் இங்கே கட்டாயம் வரவேண்டும் என்று பதில் கிடைத்தது.

அன்று காலைதான் டயாலிசிஸ் முடித்திருந்த ரகுபதி, கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டான். உட்கார்ந்தவன் படுத்தான். படுத்தவன் தூங்கிவிட்டான். மற்ற குடும்பங்கள் அவனைச் சுற்றிவந்து மின்விசிறியையும் அலமாரியையும் பார்த்தார்கள்.

எழுந்ததும் அவன் கேட்டான். "மேடம், எங்களுக்கு இதையே குடுத்துடுங்களேன்."

"எதை?"

"இந்த வூட்டத்தான். ஆஸ்பத்திரி கிட்டக்க கீது. எங்களுக்குப் பறவ கூட வேணாம்."

ஸ்வர்ணலதா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "சார், இது மாதிரி வீடு. இதுல யாரும் குடியிருக்க முடியாது."

"தண்ணி வருது, கரண்டு கீது. இன்னா இல்ல?"

அவர் யோசித்தார். "முகவரி இல்ல சார்," என்றார்.

குடிபுகு விழா ஜூலை மாதம் ஒரு நல்ல நாளில் வைக்கப்பட்டது. நல்ல நேரத்தை வாரியமே பார்த்திருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சினால்தான் நம் ஜனங்கள் அதைத் தங்கள் வீடென்று ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒரு ஆய்வில் தெரியவந்ததாம். ஆகவே பால் பொங்கினால் அந்தக் குடும்பம் குடிபுகுந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று விதி செய்திருந்தார்கள். விருந்தினர்கள் வசந்தவெளிவரை வருவது சிரமம். அதனால் எல்லாக் குடும்பங்களும் மாதிரி வீட்டுச் சமையல்மேடையிலேயே வரிசையாகப் பால் காய்ச்ச ஏற்பாடாகியிருந்தது.

மண்டல அலுவலர் சுரேஷ்குமார் உரையாற்றினார்.

"அன்பார்ந்த பயனாளிகளே, மலிவு என்றால் விலை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். மலிவு என்பது விலை அல்ல. அது ஒரு தூரம். நானே புறநகரை நேசிக்கிறவன். அடையாறில் என் வீட்டு பால்கனியில் நின்று தினமும் நீங்கள் போகப்போகும் திசையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். என்ன செய்வது, கடமை என்னை அடையாறிலேயே கட்டிப்போட்டிருக்கிறது. நகரத்தின் நெரிசலில் நீங்கள் எவ்வளவு அவதிப்பட்டீர்கள்! முதல் கட்டமாக உங்கள் சகோதரர்கள் போன பிறகு அந்த நெரிசல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை நான் தினமும் காரில் வரும்போது கண்கூடாக உணர்கிறேன். உங்கள் தியாகம் வீண்போகவில்லை. மன்னிக்கவும், முன்னேற்றம். உங்கள் முன்னேற்றம் வீண்போகவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டும்வரை எலுமிச்சைச் சாறு தரமாட்டார்கள் என்பது அதற்குள் பழகிவிட்டிருந்தது.

தேவானையின் முறைக்குக் கொஞ்சம் முன்னால் லாரன்ஸ் போன் செய்தான். பின்னணியில் இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது.

"யக்கா, பால் பொங்கிடுச்சா?"

"இன்னும் இல்லடா. இன்னா சத்தம் அது?"

"ஜேசிபி. அங்க ஒவ்வொருத்தர் வூட்டு பாலு பொங்கப் பொங்க இங்க போன் வருது. உடனே அந்த வூட்டை இடிக்கிறான். இப்பத்தான் ஷாகிரா வூடு போச்சு. நானும் நிலாவும் உன் சாமான எடுத்து வெளிய வெச்சிக்கினு கீறோம். எவ்ளோ மெதுவா காய்ச்ச முடியுமோ காய்ச்சு. பீரோ இன்னும் உள்ளதான் கீது."

கால் லிட்டர் பால் பெரிய பாத்திரத்தில் பொங்குவதில்லை என்பதை முதல் நாள் ஒத்திகையிலேயே கண்டுபிடித்து, வாரியம் தம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பித்தளைச் செம்பை வாங்கி வைத்திருந்தது. தேவானை அதில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். சுற்றிலும் போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பால் விளிம்பில் நுரைகட்டியது. தேவானை குனிந்து ஊதினாள். நுரை தணிந்தது. மறுபடியும் ஏறியது. மறுபடியும் ஊதினாள்.

"ஊதக் கூடாதும்மா," என்றார் ஸ்வர்ணலதா.

"கண்ணுல நீராவி படுது மேடம்."

"பொங்க விடுங்க. நல்லதுதானே?"

தேவானை ஊதிக்கொண்டே இருந்தாள். புது வீட்டுப் பாலைப் பொங்கவிடாமல் ஊதுகிற ஒருத்தியை வரிசையில் நின்ற பெண்கள் பார்த்ததில்லை. ஆனால் என்ன காரியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. சுரேஷ்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்வர்ணலதா எட்டி அடுப்பின் சூட்டைக் கூட்டினார். பால் தேவானையின் மூச்சையும் மீறி எழுந்து, செம்பின் கழுத்தில் வழிந்து, மேடையில் ஓடியது. கைதட்டல் எழுந்தது. ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்போது நடந்ததைத் தேவானை முன்கூட்டித் திட்டமிட்டிருக்கவில்லை. இது அவள் பிறகு பலமுறை சொன்னது. மேடையில் கருகிய பாலின் வாசனை வந்தது. வந்ததும் அது ஒரு வீட்டின் வாசனையாக இருந்தது. முந்தானையால் மேடையைத் துடைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ரகுபதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அடுத்தவங்க வரணும்மா," என்றார் ஸ்வர்ணலதா.

"பால் பொங்குன வூட்ல அன்னிக்கு ராத்திரி படுத்தாவணும் மேடம். படுக்காம போனா குடும்பத்துக்கு ஆவாது. இவருக்கு ஏற்கெனவே ஒடம்பு இப்டி கீது."

"இது உங்க வீடு இல்லையேம்மா! உங்க வீடு வசந்தவெளியில."

"பால் இங்கதான பொங்குச்சு?"

வரிசையிலிருந்து ஒரு பெண், "அதான மேடம், பால் பொங்குன எடத்தத்தான் வூடும்பாங்க," என்றாள். இன்னொருத்தி, "நாங்களும் படுத்துட்டுத்தான் போவோம்," என்றாள். ஏற்கெனவே பொங்கவைத்து முடித்த நாலைந்து குடும்பங்கள் படியிலிருந்து திரும்பி வந்தன.

சுரேஷ்குமார் ஸ்வர்ணலதாவைத் தனியே அழைத்தார். "இப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"இருக்கு சார். நாங்க மந்தைவெளிக்குக் குடிவந்தப்பகூட, கட்டில் வரலைன்னாலும் பாய் விரிச்சுப் படுத்தோம். படுக்கலைன்னா நல்லதில்ல சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரும் சொந்த ஊரில் வீடு கட்டியபோது படுத்தவர்தான். வழக்கத்தை மீறச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாதிரி வீட்டில் யாரும் தங்கக் கூடாது என்ற விதியையும் மீற முடியாது. மேலிடத்தில் போனில் பேசினார். சற்று நேரத்தில் உத்தரவு வந்தது. இரவு என்பது நேரம் அல்ல, நிலை. விளக்கை அணைத்து, படுத்து, எழுந்தால் போதுமானது.

அப்படியே செய்தார்கள். மாதிரி வீட்டின் விளக்குகளை அணைத்தார்கள். ஏரிக்குப் பின்னால் எரிந்த விளக்கையும் அணைத்தார்கள். காவலாளி வாசலில் திரைச்சீலையை இழுத்துவிட்டார். குடும்பம் குடும்பமாக உள்ளே விட்டார்கள். வெளியே மற்றவர்கள் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். இரவு என்பதால் சுரேஷ்குமாரே ரகசியக் குரலில்தான் பேசினார்.

தேவானையும் ரகுபதியும் அந்தக் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தார்கள். மெத்தை மேல் பிளாஸ்டிக் உறை இருந்தது. அசைந்தால் சரசரத்தது.

"தேவா."

"உம்."

"நல்லா குளுகுளுன்னு கீதுல்ல?"

"உம்."

"இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே போயிருவேன்."

"நடக்காத. லாரன்ஸ கூப்புடு."

"நிலா கூடத்துல படிச்சிக்கலாம். லைட்டு கண்ணுல படாது."

"கொஞ்சம் தூங்குய்யா," என்றாள் தேவானை. "காலைல எழுப்பறேன்."

அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. அழுத்தாமல் பிடிக்க அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உண்மையாகவே தூக்கம் வந்தது.

விளக்குகள் எரிந்தன. ஏரி மறுபடி மின்னியது. "விடிஞ்சிடுச்சும்மா," என்றார் ஸ்வர்ணலதா. அடுத்த குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றது.

அவர்கள் மயிலாப்பூருக்கு வந்தபோது வெயில் இன்னும் சாய்ந்திருக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. அது தேவானை அன்று காலை கழுவிவிட்ட தரை. பீரோவின் ஒரு கதவு நசுங்கியிருந்தது. நிலா புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு, சாமான் ஏற்றிய லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ஒண்ணும் கவலப்படாத," என்றான் லாரன்ஸ். "நானும் அங்கதான வர்றேன், ஆட்டோவ அங்க ஓட்டிக்கினு உன்ன ஆஸ்பத்திரில கொண்டாந்து வுடறேன்." ஆனால் வசந்தவெளியில் அவனுக்குக் கிடைத்தது வேறு கட்டடம், வேறு மாடி, ஆட்டோவுக்கு அங்கே சவாரியும் இல்லை. அவன் இரண்டு மாதத்தில் வண்டியை விற்றான்.

வசந்தவெளியில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழாவது மாடி. சுவர்களும் ஜன்னலும் மாதிரி வீட்டின் அளவிலேயே இருந்தன. முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு பஸ் மாறி ரகுபதி ராயப்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது, அவன் படுக்கையில் வேறொருவன் படுத்திருந்தான். நர்ஸ் தன்னால் முடிந்தவரை பார்த்தாள். யாராவது வராத நாளில் இவனைச் சேர்த்துக்கொண்டாள். எல்லோரும் வந்த நாளில் வராந்தாவில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது.

தேவானை தேர்வு மையத்துக்குப் போனாள். தியாகராய நகர் போய்வர அவளுக்கு ஒரு நாள் வேலை போயிற்று. ஸ்வர்ணலதா அவளை அடையாளம் கண்டுகொண்டு விசாரித்தார். குடிபுகுந்த பிறகு வரும் சிரமங்களுக்கு வசந்தவெளியிலேயே ஒரு கவுண்டர் திட்டத்தில் இருப்பதாகவும், அது மெட்ரோவோடு சேர்ந்து வரும் என்றும் சொன்னார். போகும்போது எழுந்து நின்று கும்பிட்டார்.

ரகுபதி அதன்பின் ஊருக்குள் தங்க இடம் தேடினான். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மேனேஜர், "பேச்சலரா?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி கீது சார். வசந்தவெளில கீறா."

"அப்ப இது ஆவாது நைனா. சண்ட போட்டுக்கினு வந்தவங்களச் சேர்த்தா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி."

ஆகவே அக்டோபரிலிருந்து அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே, மூடிய ஒரு கடையின் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நடைபாதையில் படுத்துக்கொண்டான். டயாலிசிஸ் ஒரு நாளும் தவறவில்லை. வீக்கம் வடிந்தது. தேவானையால் அவனோடு வந்து இருக்க முடியவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டை வாரியம் திரும்ப எடுத்துக்கொள்ளும். எந்த நாளில் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. நிலாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளை வீட்டில் இருத்திவிட்டு, உப்பில்லாத சோறு கட்டிக்கொண்டு வருவாள். இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடைசி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாரியத்தின் மேல்சட்டை போட்ட ஒரு பெண் அங்கே வந்தாள். வீடற்றோரைக் கணக்கெடுப்பதாகச் சொன்னாள். சின்னக் கருவி ஒன்றை நீட்டி ரகுபதியை விரல் வைக்கச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துவிட்டு வைத்தான்.

"சார், உங்களுக்கு வீடு இருக்குன்னு காட்டுதே," என்றாள் அந்தப் பெண். "வசந்தவெளி. குடும்பத்தோட குடிபுகுந்து ஒரு ராத்திரி தங்கியிருக்கீங்கன்னு பதிவாகியிருக்கு."

"கீது மேடம்."

"அப்ப ஏன் இங்க படுக்கறீங்க?"

"ஆஸ்பத்திரி கிட்டக்க கீது."

அந்தப் பெண் கருவியில் தேடினாள். காரணம் என்ற இடத்தில் மது, மனநிலை, குடும்பத் தகராறு என்று மூன்றுதான் இருந்தன. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியும்.

"நீங்க ரெண்டு பேரும் இப்ப சேர்ந்து இல்ல, அப்படித்தானே?" என்று தேவானையிடம் கேட்டாள்.

தேவானை ரகுபதியைப் பார்த்தாள். அவன் கையில் சோறு இருந்தது.

"எங்களுக்குள்ள இன்னா தகராறும்மா?" என்றாள் தேவானை.

அந்தப் பெண் மூன்றாவதைத் தொட்டாள். பதிவு ஏற்கப்பட்டது. வீடற்றோர் கணக்கில் ரகுபதி சேர்க்கப்படவில்லை.